பருப்பு வெந்த மூன்று நாள்

பம்பாய் சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்தவர் முதலில் தங்கம் தேடினார். பிறகு டேப் ரிக்கார்டர் தேடினார். கிடைத்தவை பிளாஸ்டிக் உறைக்குள் ஈரத்தோடு கட்டப்பட்ட இரண்டு வெள்ளைச் சுருள்கள். ஒவ்வொன்றும் ஒரு கை நீளம். "பாயா?" என்று இந்தியில் கேட்டார். "கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் பாய்" என்றேன். உறையைக் கிழிக்கக் கத்தியை எடுத்தார். காய்ந்தால் வீணாகிவிடும் என்று நான் கையெடுத்துக் கும்பிட்ட வேகத்தில், இந்த ஆளோடு மல்லுக்கட்ட முடியாது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்.

வெளியே வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பெருமையால்தான் நடந்தது.

வளைகுடாவில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில் எனக்கு ஷிப்ட் கெமிஸ்ட் வேலை. சொந்த ஊர் நாகப்பட்டினம். கேம்பில் என் அறைத் தோழன் ஆரோக்கியம், பாலக்கோட்டுப் பக்கத்துக்காரன், பைப் பிட்டர். சிரித்தால் உடனே கையால் வாயைப் பொத்திக்கொள்வான். அவன் பற்கள் காவி நிறம். அவன் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். கிணற்றுத் தண்ணீரில் உப்போடு கூட, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு. பால்பல் விழுந்து முளைக்கும் பல் கறையோடுதான் வரும். அவன் மகள் ஸ்டெல்லாவுக்கு இரண்டு வயதானபோது ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருவர், எட்டு வயதுவரை இந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதனால் குழந்தையை மேட்டூரில் பெரியம்மா வீட்டில் விட்டு வைத்திருந்தார்கள். அங்கே காவிரித் தண்ணீர். இப்போது அவளுக்கு நாலு வயது. அம்மா ஓர் ஊரில், அப்பா ஒரு நாட்டில், அவள் வேறெங்கோ.

"கடலையே குடிக்க வைக்கறீங்க, எங்க கெணத்த ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று ஆரோக்கியம் ஒருநாள் கேட்டான். எங்கள் நிலையத்தில் சவ்வுச் சுருள்கள் சில வருடம் உழைத்ததும் உப்பைக் கொஞ்சம் கூடுதலாக விட ஆரம்பிக்கும். கழற்றிக் குப்பையில் போடுவார்கள். கடலுக்கு ஆகாத சுருள் கிணற்றுக்குத் தாராளமாக ஆகும். கடலோடு ஒப்பிட்டால் அந்தக் கிணற்றில் இருப்பது ஒரு சிட்டிகை உப்பு. மேலதிகாரியிடம் கேட்டு இரண்டு சுருளை வாங்கிக்கொண்டு லீவில் கிளம்பினேன்.

தருமபுரி ஸ்டேஷனில் இறங்கியபோது காலை பத்து மணி, பசி. எதிரே இருந்த கடையில் நாலு இட்லியும் தக்காளிச் சட்னியும் சாப்பிட்டேன். அந்தச் சட்னிக்காகவே இன்னொரு முறை வரலாம். ஆரோக்கியம் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்து, சுருள்களைப் போட்டு மூட இரண்டு இரும்புக் குழாய்களை ஒரு லேத் பட்டறையில் கடைந்து வைத்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து மோட்டாரும் பம்பும் வந்து காத்திருந்தன. கனமானவற்றை லாரியில் ஏற்றிவிட்டு, சுருள்களோடு நான் பஸ் ஏறினேன்.

பஸ் பாதி வழியில் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். எல்லோரும் புளியமரத்தடியில் இறங்கி உட்கார்ந்தோம். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. இந்தாளு பைப்ப பச்சக் கொழந்த மாதிரி மடியில வச்சிருக்கான், பேரு வச்சாச்சான்னு கேக்கறாங்க" என்றார். பாலக்கோடுவரை நடையும் மாட்டு வண்டியும். அங்கே தக்காளி மண்டியில் கூடைகளை இறக்கிவிட்டு ஊர் திரும்பிய ஒரு டிராக்டரில், காலிக் கூடைகளுக்கு நடுவே எனக்கும் இடம் கிடைத்தது. ஊர் போய்ச் சேர்ந்தபோது என் சட்டையெல்லாம் தக்காளி வாசம்.

ஆரோக்கியத்தின் மனைவி லூர்து மேரி வாசலில் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவள். அன்று களியும் கீரைக் கடைசலும். களியை விரலால் கிள்ளி, கடைசலில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். நான் மென்று மாட்டிக்கொண்டதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. கை வாய்க்குப் போனது. அவளும் அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான்.

"பருப்புக் கொழம்பு வெக்கலாம்னா இந்தத் தண்ணில பருப்பு வேகாதுங்கண்ணா. காலையில வெச்சாலும் மத்தியானம் வரைக்கும் முழுசு முழுசா கெடக்கும். சோடா உப்பு போட்டாத்தான் மசியும்."

"மிஷின் ஓடட்டும், தானே வேகும்" என்றேன்.

"வெந்துச்சுன்னா ஸ்டெல்லாவக் கூட்டியாந்துருவேன்" என்றாள். சுருள்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வேறு எதைப் பற்றியும் அவள் என்னைக் கேட்கவில்லை.

மறுநாள் திங்கள். முனுசாமி என்ற விவசாயியின் கிணற்றுமேட்டில் வேலை. ஊரில் பெரிய நிலக்காரர். மோட்டார் கொட்டகையில் இடமும் கொடுத்து, பம்ப் செட்டுக்கு வரும் கரண்டையும் கொடுத்தார். கூட்டம் சுற்றி நின்றது. இந்தச் சுருள் எப்படி வேலை செய்கிறது என்று மேரிதான் கேட்டாள். மாங்காய் ஊறுகாய் போடும்போது உப்பைப் போட்டதும் மாங்காய் தண்ணீர் விடுகிறதல்லவா என்றேன். உப்பு அந்தத் தண்ணீரைத் தோல் வழியாகத் தன் பக்கம் இழுக்கிறது. அது இயற்கையாக நடப்பது. நாம் மோட்டாரை வைத்து அழுத்தி அதைத் திருப்பிவிடுகிறோம், தண்ணீர் உப்பை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடும். "அப்ப ஊறுகாயத் திருப்பி மாங்காய் ஆக்கறீங்க" என்றார் முனுசாமி. எங்கள் நிலையத்தில் பாடம் எடுக்கும் வெள்ளைக்காரர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

உப்பெல்லாம் சேர்ந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் தனிக் குழாயில் பழைய பாறைக் குழி ஒன்றுக்குப் போனது. ஆடு மாடு போகாதபடி முள் வெட்டிப் போட்டோம். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. சுருள் காயக்கூடாது என்று சொன்னேன், மணல் வடிகட்டியை எப்படிக் கழுவுவது என்று சொன்னேன். குளோரின் படக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. இந்தக் கிணற்றில் குளோரினுக்கு எங்கே போவது என்று நினைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் வந்தது. விரல் தடிமனில் ஒரு தாரை. உப்பை அளக்க நான் கொண்டுவந்த மீட்டரின் முள் நல்ல தண்ணீருக்கான இடத்தில் போய் நின்றது. யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை. மேரி ஒரு குடம் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனாள். அரை மணி நேரத்தில் சட்டியோடு கிணற்றுமேட்டுக்கே வந்தாள். துவரம்பருப்பு மாவாகக் கரைந்திருந்தது. கரண்டியில் எடுத்துச் சாய்த்துக் காட்டினாள். பெண்கள் ஒவ்வொருவராக விரலை விட்டுப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே அவள் மேட்டூருக்கு ஆள் அனுப்பினாள். ஆரோக்கியத்துக்கும் ஒரு கடிதம் போட்டாள்.

என் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் கிளம்பியிருக்கலாம். புறப்படும்போது ஆரோக்கியம் சொன்னதே, "ஆர்ப்பாட்டம் வேணாங்க, மாட்டிட்டு வந்துருங்க" என்பதுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. கம்பெனி செய்தி மடலில் ஒரு போட்டோ வரவேண்டும் என்று ஆசை. புதன்கிழமை காலை யூனியன் ஆபீசுக்கு நானே போய், ஆணையரைத் திறந்து வைக்க வரும்படி அழைத்தேன். நாளைக்கு அந்தப் பக்கம் இன்னொரு விசேஷம் இருக்கிறது, பத்து மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

வியாழக்கிழமை காலை கிணற்றுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். அதிகாரி வந்தால் பிளீச்சிங் பவுடர் போடுவது நம் ஊர் வழக்கம்தானே. குப்பையை அள்ளாவிட்டாலும் அதன் ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். வாழைமரம் கட்டியிருந்தார்கள். தீர்த்தமலைக்குப் போய் வந்த முனுசாமி பாட்டிலில் வைத்திருந்த தீர்த்தத்தை, நல்ல தண்ணீர் விழும் தொட்டியில் ஊற்றினார். மாதா கோயிலிலிருந்து வந்த மந்திரித்த தண்ணீரை உபதேசியார் குழாய்கள்மேல் தெளித்தார். ஸ்டெல்லாவும் காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். மேரியின் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே அவள் எல்லா வேலையும் செய்தாள்.

ஒன்பதரை மணிக்கு மேரி என்னிடம் வந்தாள். ஒரு டம்ளரில் கிணற்றுத் தண்ணீர்.

"அண்ணா, கெணத்துத் தண்ணில மருந்து வாசம் அடிக்குதுங்க. மிஷினுக்குப் பரவால்லீங்களா?"

முகர்ந்தேன். பிளீச்சிங் பவுடரின் குளோரின் மூக்கில் ஏறியது. என் நிலையத்தில், கடலிலிருந்து எடுக்கும் தண்ணீரில் குளோரின் போடுவோம், சவ்வுக்குப் போகும் முன் ஒரு சொட்டு இல்லாமல் எடுத்துவிடுவோம். இந்தச் சவ்வுக்குக் குளோரின் விஷம். அதைச் சோதிக்கக் கொஞ்சம் தாமதித்ததற்காக ஒரு மலையாளி ஆபரேட்டருக்கு மெமோ எழுதிக் கொடுத்தவன் நான். கிணற்றுத் தண்ணீரை இறைத்து வெளியே விட்டு, இரண்டு நாள் வெயில் பட வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தெரியும். செய்ய வேண்டியதெல்லாம், இன்று ஓட்ட முடியாது என்று சொல்வதுதான். ரோட்டில் ஜீப்பின் புழுதி தெரிந்தது.

"ஒண்ணும் ஆகாது, தங்கச்சி" என்றேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். சுவிட்சைப் போட்டேன்.

ஆணையர் முதல் டம்ளரைக் குடித்து, "மினரல் வாட்டர் தோத்துச்சு" என்றார். போட்டோ எடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஜீப் போய்விட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஊரே குடத்தோடு வரிசையில் நின்றது. பக்கத்து ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். நடுவில் நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். கரண்ட் போகும்வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கும் மேரி வீட்டில் பருப்பு வெந்தது. ஸ்டெல்லா பருப்புச் சாதத்தை வாயெல்லாம் பூசிக்கொண்டு சாப்பிட்டாள். எனக்கும் பரிமாறினார்கள். ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையும் அதே தண்ணீரில் ஓட்டினேன். மத்தியானம் மேரி கிணற்றுமேட்டுக்கு வந்தாள். சட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு மணி நேரம் கொதித்த பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. மீட்டரை வைத்தேன். முள் கிணற்றுத் தண்ணீரின் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. ஏற்கனவே களைத்துப்போன சவ்வு, ஒன்றரை நாளில் அரித்துப் போயிருந்தது. இனி எதைச் செய்தாலும் அது உப்பைத் தடுக்காது. வேறு சுருளும் என்னிடம் இல்லை.

ஊர் கூடியது. பஞ்சாயத்துத் தலைவரும் வந்தார். மிஷினுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் விழுந்திருக்கிறது என்றேன். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடும் வேடியப்பன் முன்னால் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாந்தாங்க போட்டேன். புதங்கெழம பொழுதோட கெணத்துல அரை மூட்டை போட்டேன். ஆபீசர் வந்தா போடறதுதானுங்களே. தண்ணி நல்லா இருக்கட்டும்னு கூடவே போட்டேனுங்க."

"வழியில போடுன்னா கெணத்துல கொட்டுவியா? படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் உனக்கு ஏறாதா?" என்று தலைவர் கத்தினார். யாரும் அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னதில்லை. ஒரு முறைகூட நான் சொன்னதில்லை.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "இதனாலதான் கெட்டுச்சுங்களா, சார்?"

"ஆமாம். இதனாலதான்" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை. ஆளாளுக்கு வேடியப்பனை ஏசினார்கள். மேரி சட்டியோடு அங்கேயே நின்றிருந்தாள். அவள் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. சொல்லவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சனிக்கிழமை காலை அவள் ஸ்டெல்லாவின் துணிகளை ஒரு மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"நீங்க சேலம் போறீங்க இல்லீங்களாண்ணா. மேட்டூர் வழியாப் போயி இவள எங்கக்கா வூட்ல வுட்டுட்டுப் போயிருங்க. நான் வந்தா அழுவா."

"என்மேல கோபமா, தங்கச்சி?"

அவள் துணியை மடித்து முடித்தாள். "உங்ககூடத்தான அவரு ஒரே ரூம்ல இருக்காரு. நான் என்னத்தச் சொல்றதுங்க" என்றாள். பிறகு எனக்கு வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.

பஸ் நிற்கும் இடத்தில் வேடியப்பன் காத்திருந்தார். கையில் ஒரு பை நிறையத் தக்காளி. நேற்று ஊர்முன் நின்ற அதே மாதிரி, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எங்கியோ இருந்து தூக்கியாந்தீங்க. நான் பாழ் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க, சார். எனக்குத் தெரியாதுங்க."

எனக்குத் தெரியும் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. சுற்றிலும் நாலைந்து பேர் இருந்தார்கள். பஸ் வந்துவிட்டது. "பரவாயில்லை, விடுங்க" என்று மன்னிப்பவனைப் போலச் சொல்லித் தக்காளியை வாங்கிக்கொண்டேன்.

ஸ்டெல்லா அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும்வரை அம்மாவுக்குக் கை காட்டினாள். தருமபுரியில் பஸ் மாறும்போது பன் வாங்கிக் கொடுத்தேன். பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தாள். தொப்பூர் மலையில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். என் மடியிலேயே தூங்கிப்போனாள். போகும்போது சுருளைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தேன் என்று சிரித்த அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

மேட்டூரில் பெரியம்மா கதவைத் திறந்ததும் திகைத்துப் போனார். "ஏங்கண்ணு, அம்மாகிட்ட இருக்கப் போறேன்னு குதிச்சுட்டுப் போன?"

"வேடியப்பன் தாத்தா மிஷினக் கெடுத்துட்டாரு, பெரிம்மா" என்றாள் ஸ்டெல்லா.

அந்தப் பெயரை அவள் வாயில் வைத்தது நான்தான். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அவர் இல்லைங்க. கெடுத்தது நான். தண்ணீரில் மருந்து இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டினேன்" என்றேன்.

அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பெரிய மனசுங்க உங்களுக்கு. அந்த ஆளுமேல பழி வரக்கூடாதுன்னு உங்க தலையில போட்டுக்கறீங்க. யாருங்க இந்தக் காலத்துல இப்படி இருக்காங்க" என்றார். இல்லை என்று மறுபடி சொன்னேன். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார். தக்காளியை முறத்தில் கொட்டி, பாலக்கோட்டுத் தக்காளி மாதிரி வராது என்றார். ஸ்டெல்லா இரண்டு கையாலும் பிடித்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்தாள். தாகமாக இருந்தது. குடித்தேன்.

நாகப்பட்டினத்தில் மிச்ச லீவைக் கழித்தேன். பஞ்சாயத்துத் தலைவருக்குக் கடிதம் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். எழுதவில்லை.

கேம்புக்குத் திரும்பியபோது அறைக் கதவைத் திறந்தவன் ஆரோக்கியம். கையில் மேரியின் கடிதம். செவ்வாய்க்கிழமை எழுதியது. அதற்குப் பிறகு அவள் எழுதவே இல்லை. அதைத்தான் அவன் மூன்று வாரமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான் போலிருக்கிறது, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"பருப்பு வெந்துச்சாமே" என்று சொல்லிச் சிரித்தான். வாயைப் பொத்திக்கொள்ளாமல் அவன் சிரித்து அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். "ஸ்டெல்லா வூட்லதான இருக்கா இப்ப?"

உட்காரச் சொன்னேன். மேரி டம்ளரோடு வந்ததிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன். நான் சொல்லி முடித்தபோது அவன் கை மறுபடியும் வாய்மேல் இருந்தது.